மதுரை சைனீஸ் கடைகள்: ஒரே கடையில் ஒரு நாள் பிரமாதம், மறுநாள் மோசம் – ஏன்?

வைகை வடகரை:

மதுரையில சைனீஸ் சாப்பிடுறவங்க சொல்றதைக் கேட்டா தலை சுத்துது. ஒருத்தர் ஆகா ஓகோன்னு சொல்ற கடையை இன்னொருத்தர் வாயில வைக்க முடியலைங்கிறார். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அதே கடை, அதே மாஸ்டர். சாயங்காலம் 7 மணிக்கு வர்ற எக் ஃப்ரைடு ரைஸ் பருக்கை பருக்கையா, லேசான புகை வாசத்தோட இருக்கு. ராத்திரி 9 மணிக்கு மேல அதுவே ஈரம் கோத்து, கட்டி கட்டியா, மிளகுத்தூள் நெடி மட்டும் தூக்கலா வருது. சில்லி சிக்கன் ஒரு நாள் மெத்துன்னு இருக்கு, இன்னொரு நாள் கடிக்க முடியலை. கோபி மஞ்சூரியன் சில இடத்துல கை கழுவுனாலும் போகாத சிவப்பு.

கோரிப்பாளையம் தள்ளுவண்டியில இருந்து கே.கே. நகர், பைபாஸ் ரோடு ஏசி ரெஸ்டாரண்ட் வரைக்கும் இதே கதைதான். அதனால கடை பேர் வேண்டாம். சமையல்கட்டுல என்ன நடந்தா நல்லா வருது, என்ன நடந்தா கெடுது, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூட்டிட்டுப் போறதுல சைவம் சாப்பிடுற பெரியவங்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்காங்க. அதையும் மனசுல வச்சுச் சொன்னா நல்லது.

இரும்புக்கடாய்:

வடகரை அண்ணே, நீங்க சொன்ன 7 மணி, 9 மணியிலயே பாதி பதில் இருக்கு. மாஸ்டரும் மாறலை, அரிசியும் மாறலை. ஒரு கடாய்ல எத்தனை பிளேட் விழுதுங்கிறதுதான் மாறியிருக்கு.

ஃப்ரைடு ரைஸ் எப்படிப் போடணும்னு முதல்ல சொல்றேன். ஹை பிரஷர் பர்னர்ல இரும்புக் கடாய் புகையிற அளவுக்குக் காயணும். எண்ணெய் ஊத்தி ஒரு சுழட்டு சுழட்டி, முட்டையை உடைச்சு ஊத்தி, அது பொங்கி வரும்போதே கலைச்சு விட்டுட்டு, பூண்டு, கோஸ், கேரட், பீன்ஸ் போட்டு அரை நிமிஷம். காய் நறுக்குன்னு இருக்கும்போதே சோறு. உப்பு, வெள்ளை மிளகுத்தூள். சோயா சாஸை சோத்து மேல ஊத்தக் கூடாது, கடாய் ஓரத்துல ஊத்தணும். சூட்டுல பட்டு சுர்ருன்னு பொரிஞ்சாத்தான் அதோட பச்சை வாசம் போகும். கடைசியா வெங்காயத்தாள் தூவி இறக்கிரணும். மொத்தமே 3 நிமிஷம்.

இதுக்கு ஒரு கடாய்ல ரெண்டு பிளேட் சோறு, 600 – 700 கிராம், சரியான அளவு. கை பழகுன மாஸ்டர் மூணு பிளேட் போடுவார். அதுக்கு மேல போனா தூக்கிப் போட முடியாது. தூக்கிப் போடுறது வேடிக்கைக்கு இல்லண்ணே. சோறு மேல எழும்பும்போது ஈரம் ஆவியாப் போகுது, கடாய் அடுத்த விழுதுக்குள்ள மறுபடி காயுது, பறக்கிற எண்ணெய்த் துளி தீயில பட்டு அந்தப் புகை வாசம் சோத்துல ஏறுது.

ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரைக்கு டோக்கன் குவிஞ்சிருச்சுன்னா அதே கடாய்ல ஆறு பிளேட் விழும். தூக்க முடியாது, கரண்டியால கிண்டத்தான் முடியும். கோஸும் சோறும் விடுற தண்ணிக்கு ஆவியாகிப் போக இடமில்ல. தண்ணி இருக்கிற வரைக்கும் கடாய்க்குள்ள இருக்கிறது 100 டிகிரியைத் தாண்டாது. வறுபட்ட வாசமும் நிறமும் வரணும்னா 140 டிகிரிக்கு மேல போகணும். அதனால சோறு வறுபடாம ரெண்டாவது தடவையா வேகுது. ருசி வரலைன்னு தெரிஞ்சதும் மிளகுத்தூள், அஜினமோட்டோ, சில்லி சாஸ் எல்லாம் அளவு கூடுது. நீங்க சொன்ன நெடி அதுதான்.

அடுத்தது சோறு. பழைய பாசுமதியை அரை மணி நேரம் ஊற வச்சு, நிறையத் தண்ணியில உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் போட்டு, முக்கால் பதம் தாண்டுனதும் வடிச்சு, தட்டுல பரப்பி ஆற விடணும். ஆறுனாத்தான் பருக்கை இறுகும். சூடா இருக்கிற சோத்தைப் போட்டா கடாய்ல ஒட்டி, கரண்டி பட்டதும் உடைஞ்சு கூழாகும். ஒரு கிலோ அரிசி வடிச்சா ஏறக்குறைய 3 கிலோ சோறு வரும், ஒன்பது பத்து பிளேட் போடலாம். கூட்டத்தைக் குறைச்சுக் கணக்குப் போட்ட கடையில 9 மணிக்குச் சோறு தீர்ந்துரும். அவசரமா ஒரு டபரா வடிச்சு, ஆவி பறக்க அப்படியே கடாய்ல போடுவாங்க. 9 மணி ரைஸ் கட்டி கட்டியா வர்றதுக்கு இது ரெண்டாவது காரணம்.

நூடுல்ஸ்ல இதை இன்னும் சுலபமாக் கண்டுபிடிக்கலாம். கொஞ்சம் விறைப்பா இருக்கும்போதே வடிச்சு, பச்சைத் தண்ணியில அலசி, எண்ணெய் பிசிறி வச்சிருந்தா ஃபோர்க்ல தூக்கும்போது இழை நீளமா வரும். துண்டு துண்டா, விரல் நீளத்துக்கு வந்தா அதிகமா வெந்தது, இல்லைன்னா மத்தியானமே வேக வச்சுக் கட்டியாப் போனதைக் கையால பிரிச்சுப் போட்டது.

கூட்ட நேரத்துலதான் போக முடியும்னா இப்படிக் கேளுங்க: “மாஸ்டர், நாலு ரைஸ், ரெண்டு ரெண்டாப் போட்டுக் குடுங்க, லேட்டானாலும் பரவாயில்ல.” நல்ல மாஸ்டருக்கு இது சந்தோஷம்தான். அவரை அவசரப்படுத்துறது கல்லாவும் டோக்கனும்தான். இல்லாட்டி ரெண்டு ரைஸ், ரெண்டு நூடுல்ஸ்னு பிரிச்சுச் சொல்லுங்க. தானா வேற வேற கடாய்ல விழும்.

வைகை வடகரை:

ரொம்ப நன்றி தம்பி. தள்ளுவண்டியில நேர்ல பார்த்துரலாம். ஏசி ரெஸ்டாரண்ட்ல சமையல்கட்டு உள்ள இருக்கே, அங்க எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது? கோபி, சில்லி சிக்கன் பத்தியும் கலர் பத்தியும் யாராவது சொல்லுங்க.

அளவுகோல்:

மூடிய சமையலறையாக இருந்தாலும் மேசைக்கு வருவதே எல்லாவற்றையும் சொல்லிவிடும். முதலில் ஒரு சூப் வாங்குங்கள், ஒன் பை டூ போதும். அந்தச் சமையலறையின் கவனத்தை அளக்க அதைவிட மலிவான வழி இல்லை.

சூப்பைக் கெட்டியாக்குவது சோளமாவு. ஒரு ஸ்பூன் மாவை மூன்று ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் சூப்பில் கிளறிக்கொண்டே ஊற்றி, மறுபடியும் ஒரு கொதி வரவிட வேண்டும். கொதி வராமல் இறக்கினால் நாக்கில் மாவு ருசி நிற்கும். மாவை நேராகக் கொட்டினால் கட்டிகள் மிதக்கும். முட்டை ஊற்றிய சூப்பில் முட்டை நூல் நூலாகத் தெரிய வேண்டும். கொதி அடங்கிய பிறகு ஊற்றியிருந்தால் சூப்பே வெள்ளையாகக் கலங்கிப்போகும். ஹாட் அண்ட் சோர் என்றால் புளிப்பும் மிளகும் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோகும்போதே வினிகர் மூக்கில் ஏறினால், இறக்கும் நேரத்தில் அளவில்லாமல் ஊற்றியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் கடையைக் குறை சொல்ல வேண்டாம். கெட்டியாக வந்த சூப் பாதி குடித்ததும் நீர்த்துப்போவது பெரும்பாலும் நம் எச்சிலால். வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விடும்போது எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும்.

அடுத்து கோபி மஞ்சூரியன். மதுரைக்குக் காலிஃபிளவர் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து தாராளமாக வருகிறது. பூவில் குறை இருப்பது அரிது, குறை கைப்பக்குவத்தில்தான். பூவை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் சில நிமிடம் வைத்துப் புழுவை அகற்றிய பிறகு, நன்றாக ஈரம் வடிய வேண்டும். ஈரப் பூவில் மாவு ஒட்டாது. ஒட்டாததால் மாவை இன்னும் கெட்டியாகக் கரைப்பார்கள், கடைசியில் போண்டா கிடைக்கும். சோளமாவும் மைதாவும் சமமாகவோ சோளமாவு சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் மொறுமொறுப்பு வரும். மைதா மிஞ்சினால் அதிலுள்ள பசைத்தன்மையால் ஆறியதும் தோல் போல இழுபடும். 160 டிகிரி சூட்டில் ஒருமுறை வேகும்வரை பொரித்து எடுத்து, பரிமாறும் முன் 180 டிகிரியில் ஒரு நிமிடம் மறுபடி பொரிப்பதே முறை. முதல் பொரிப்பு பூவை வேக வைக்கிறது, இரண்டாவது மேலே மிஞ்சிய ஈரத்தை விரட்டுகிறது. சாஸில் புரட்டிய ஐந்தாறு நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும், அதை எந்தக் கடையாலும் தடுக்க முடியாது. டிரை கேட்டு வாங்குங்கள், வந்த உடனே சாப்பிடுங்கள்.

சில்லி சிக்கனில் ஒரு துண்டை ஸ்பூனால் வெட்டிப் பாருங்கள். மேல்மாவு இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நியாயமான கடை. மாவு கறியை விடத் தடிமனாக இருந்தால் நீங்கள் மைதாவுக்குக் காசு கொடுக்கிறீர்கள். எலும்பில்லாத கறியை இரண்டு சென்டிமீட்டர் துண்டாக்கி, முட்டை வெள்ளை, சோளமாவு, சோயா, உப்பு, இஞ்சி பூண்டு விழுதில் அரை மணி நேரம் ஊறவைத்து, 170 – 180 டிகிரியில் நான்கைந்து நிமிடம் பொரித்தால் உள்ளே ஈரம் நிற்கும். கடிக்க முடியாமல் போவதற்குக் காரணம் மாலையிலேயே முழுக்கப் பொரித்துக் குவித்துவைத்து, ஆர்டர் வரும்போது திரும்பப் பொரிப்பது. அதைவிட மோசம் பெரிய துண்டுகளை அளவுக்கு மேல் காய்ந்த எண்ணெயில் போடுவது: வெளியே சிவந்துவிடும், நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். நடுவில் பச்சையாக இருந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம் கொடுக்காதீர்கள்.

நிறம் பற்றிக் கேட்டீர்கள். காஷ்மீரி மிளகாய்த்தூளும் சில்லி சாஸும் தருவது செங்கல் நிறம், பழுப்பு கலந்தது. பளீரென்ற சிவப்போ ஆரஞ்சோ அவற்றால் வராது. வெள்ளை டிஷ்யூவில் ஒரு துண்டை அழுத்துங்கள். எண்ணெய் கலந்த மங்கல் கறை மசாலாவின் கறை. ரோஸ் நிறம் தெளிவாகப் பரவினால் கலர்பொடி. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடைசெய்யப்பட்டதற்குக் காரணம் ரோடமின்-பி என்ற துணிச்சாயம். அடுத்த மாதம் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனிலும் பாதுகாப்பற்ற செயற்கை நிறங்கள் பிடிபட்டன. அங்கே அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தையே தடைசெய்தது. பெரிய கடை, சின்னக் கடை என்ற வேறுபாடு இதில் கிடையாது. “கலர் போடாம குடுங்க” என்று சொன்னால் பல மாஸ்டர்கள் தயங்காமல் செய்து தருவார்கள். “மாவுலயே கலந்துட்டோம்” என்ற பதில் வந்தால் அந்தக் கடையில் கோபியையும் சில்லி சிக்கனையும் விட்டுவிட்டு, நிறம் தேவைப்படாத பெப்பர் அல்லது கார்லிக் வகைக்குப் போய்விடுங்கள்.

சிம்மக்கல் சாப்பாட்டு ரசிகர்:

இவ்வளவு பேசுறோம், ஆனா இது எதுவுமே உண்மையான சைனீஸ் கிடையாது. ஷெஸ்வான்னு போட்டு வரமிளகாய், பூண்டு அரைச்சு ஊத்துறாங்க. சீனாவுல மஞ்சூரியன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. முதல்ல அதைத்தான் பேசணும்.

அளவுகோல்:

தகவல் சரி, ஆனால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இந்தச் சமையல் கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் வழியாக வந்தது. டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்தவர்களின் குடும்பங்கள் நடத்திய உணவகங்கள் அதற்குப் பேர் வாங்கித் தந்தன. சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் உருவாக்கியதாகச் சொல்லப்படும் நெல்சன் வாங் கொல்கத்தாவில் பிறந்தவர். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸ் ஊற்றி, சோளமாவு கரைத்துவிட்டார். ஆக இது நம் நாட்டில் பிறந்த தனி வகை. அதற்கென்று இலக்கணம் இருக்கிறது, அதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

ஷெஸ்வான் என்ற பெயர் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து வந்தது. அந்தச் சமையலின் அடையாளம் நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு. இங்கே கிடைக்கும் ஷெஸ்வானில் அது இல்லை, எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் நம் ஷெஸ்வானிலும் நல்லது கெட்டது உண்டு. ஊறவைத்த வரமிளகாய் விழுதையும் பொடியாக நறுக்கிய பூண்டையும் எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் வதக்கியிருந்தால் காரம் தொண்டையில் குத்தாது. பச்சையாக அரைத்து, சூடு காட்டி, வினிகர் ஊற்றிப் பாட்டிலில் அடைத்தது முதல் வாயிலேயே நெஞ்சைக் கரிக்கும். மதுரைக் கடைகளில் காரம் தூக்கலாகக் கேட்கும் வழக்கம் இருப்பதால் இந்த இரண்டாவது வகை சுலபமாகத் தப்பித்துவிடுகிறது.

இரும்புக்கடாய்:

சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். மெனு கார்டைப் பாருங்க. 40 – 50 அயிட்டம் இருந்தா நம்பலாம். 200 அயிட்டம், அதுலயும் தந்தூரி, பரோட்டா, பிரியாணி, சைனீஸ், பீட்சா எல்லாம் ஒரே அட்டையில இருந்தா, சைனீஸுக்குத் தனி மாஸ்டர் இருக்காரான்னு கேளுங்க. பரோட்டா மாஸ்டரே கடாயைப் பிடிச்சா எல்லாத்துலயும் சால்னா வாசம் வரும். டிராகன், டிரிபிள், சிங்கப்பூர், ஹாங்காங்னு பேர் எத்தனை இருந்தாலும் பல கடையில அடிப்படை ஒரே வெங்காயம், குடமிளகாய், மூணு சாஸ்தான். புதுப் பேருக்கு ஆசைப்படுறதை விட அந்தக் கடையில அதிகமா ஓடுற அயிட்டத்தை வாங்குங்க. ஓடுற அயிட்டத்துக்குத்தான் சரக்கு புதுசா இருக்கும். இறால், ஸ்க்விட் எல்லாம் ஓடாத கடையில ஃப்ரீசர்ல எத்தனை நாள் கிடக்கும்னு சொல்ல முடியாது.

எண்ணெயையும் பாருங்க. பொரிக்கிற சட்டியில ஓரத்துல நுரை அடங்காம நின்னா, கறி போடுறதுக்கு முன்னாடியே புகைஞ்சா, அது ஆயுள் முடிஞ்ச எண்ணெய். ஏசி ரெஸ்டாரண்ட்ல சட்டியைப் பார்க்க முடியாது, ஆனா கோபியைப் பிச்சு உள்ள முகர்ந்து பாருங்க. காரல் வாசம் தெரியும்.

தெற்கு மாசி வீதி:

சைவம் சாப்பிடுற பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறதா எழுதியிருந்தீங்க. இதை விளக்கமாச் சொல்லணும், ஏன்னா வெஜ்னு மெனுவுல பச்சைப் புள்ளி இருந்தா மட்டும் போதாது.

அசைவமும் போடுற கடையில கோபி பொரியிறது பெரும்பாலும் சிக்கன் பொரிஞ்ச அதே சட்டியில. வெஜ் ஃப்ரைடு ரைஸ் போடுற கடாயை முந்தின எக் ரைஸ் முடிஞ்சதும் ஒரு குவளைத் தண்ணி ஊத்தித் தேய்ச்சு ஊத்திட்டு உடனே அடுப்புல ஏத்திருவாங்க. வெஜ் சூப்புக்கு சிக்கன் வேக வச்ச தண்ணியை ஊத்துறதும் உண்டு. சில சாஸ்ல சிப்பி, மீன் சேர்ந்திருக்கும், பாட்டில் லேபிளைப் படிச்சாத்தான் தெரியும். அதனால சர்வர்கிட்ட “வெஜ்தானே?”ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவார். கேள்வியை உடைச்சுக் கேக்கணும்: கோபிக்கு எண்ணெய்ச் சட்டி தனியா? சூப்புக்கு என்ன தண்ணி? ஆய்ஸ்டர் சாஸ் போடுவீங்களா? புரட்டாசி சனிக்கிழமை விரதக்காரங்க, வருஷம் முழுக்கச் சுத்த சைவமா இருக்கிறவங்களுக்கெல்லாம் சைவ ஹோட்டல்ல இருக்கிற சைனீஸ் பகுதிதான் நிம்மதி. நெருப்பு அங்க கொஞ்சம் கம்மியா இருந்தாலும் மனசு உறுத்தாது.

வெங்காயம், பூண்டு சேர்க்காதவங்க ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிரணும். கோபி மாவுலயே பூண்டு விழுது கலந்திருக்கும், அதை அப்புறம் எடுக்க முடியாது. அவங்களுக்கு இஞ்சி, கேரட், பீன்ஸ், குடமிளகாய், மிளகுத்தூள் மட்டும் போட்ட ரைஸ் சுலபமாப் போட்டுத் தருவாங்க. மஷ்ரூமும் பேபி கார்னும் மாவு முக்காம வதக்கித் தரச் சொல்லலாம்.

பிள்ளைகளுக்குக் காரம் கம்மின்னு சொன்னா மிளகாயைத்தான் குறைப்பாங்க, வெள்ளை மிளகுத்தூளை மறந்துருவாங்க. “மிளகும் கம்மியா”ன்னு சேர்த்துச் சொல்லுங்க. சோயா சாஸ்ல உப்பு நிறைய இருக்கு, அது போடுறதுனால தனி உப்பைப் பாதியாக் குறைக்கச் சொல்லலாம். ரத்தக் கொதிப்பு இருக்கிற பெரியவங்களுக்கும் இதே சொல்லுங்க. கோதுமை ஆகாதவங்களுக்கு நூடுல்ஸ் மட்டுமில்ல, சாதாரண சோயா சாஸும் ஆகாது, அதுலயும் கோதுமை சேருது.

சிம்மக்கல் சாப்பாட்டு ரசிகர்:

அஜினமோட்டோ பத்தி யாரும் இன்னும் சரியாச் சொல்லலை. அது விஷம்ங்கிறாங்களே, போடாம குடுங்கன்னு கேக்கணுமா?

அளவுகோல்:

கேட்கலாம், ஆனால் பயந்து கேட்க வேண்டியதில்லை. மோனோ சோடியம் குளுட்டமேட் என்ற அந்த உப்பை 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்தார். தக்காளியிலும் முதிர்ந்த சீஸிலும் இயல்பாக உள்ள குளுட்டமேட்டும் இதுவும் உடலுக்கு ஒன்றே. 1968இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதப்பட்ட கடிதத்திலிருந்துதான் அச்சம் பரவியது. பிறகு செய்த சோதனைகளில், எது கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் சாப்பிட்டவர்களிடம் அந்தத் தொந்தரவுகள் நிலையாகத் தெரியவில்லை. அதிக அளவில் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் சிலருக்குத் தலைவலி, முகம் சூடாவது போல வரலாம். அப்படி வருபவர்கள் தவிர்க்கலாம்.

என் ஆட்சேபம் வேறு. ஒரு பிளேட்டுக்கு இரண்டு சிட்டிகை போதுமான பொருளை ஸ்பூனால் அள்ளிப் போடுவது, சரியாக வறுபடாத சோற்றை மறைப்பதற்காக. சாப்பிட்டு முடித்த பிறகும் நாக்கில் ஒரு வழவழப்பு தங்கி, தண்ணீர் தாகம் அடங்காமல் இருந்தால் உப்பும் அதுவும் சேர்ந்து அளவு மீறியிருக்கின்றன. சோடியம் சாதாரண உப்பில் 39 சதவீதம், இதில் 12 சதவீதம்தான். எனவே தாகத்துக்கு முதல் காரணம் பெரும்பாலும் உப்பும் சோயா சாஸும்.

திருநகர் பார்சல்:

பார்சல் வாங்குறவங்க அனுபவம் தனி ரகம். அதுக்கு ரெண்டு விஷயம்.

முதல் விஷயம் பாதுகாப்பு. வெந்த சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா வளரும். அதோட விதை அரிசி கொதிக்கும்போதும் சாகாது. சோறு பெரிய அண்டாவுல குவியலா, வெதுவெதுன்னு பல மணி நேரம் கிடந்தா அது பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்ப கடாய்ல எவ்வளவு வறுத்தாலும் அழியாது. சாப்பிட்ட ஒண்ணுல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும். மதுரை சித்திரை வெயில்ல மூணு மணிக்கு வடிச்ச சோறு அண்டாவுலயே மூடி வச்சிருந்தா ராத்திரி பத்து மணிக்கு அது நம்பக் கூடிய சோறு இல்ல. சோறு எங்க இருக்குன்னு பாருங்க. அகலத் தட்டுல பரப்பியோ ஃப்ரிட்ஜ்ல சின்னச் சின்ன டப்பாவுலயோ இருந்தா சரி. கடை மூடுற நேரத்துல அண்டா அடியில சுரண்டிப் போடுற ரைஸை வாங்காதீங்க. புளிச்ச வாடை, நூல் மாதிரி இழுக்கிற பிசுக்கு இருந்தா ஒரு வாய்கூட வேண்டாம். கூடவே குடுக்கிற மயோனைஸும் அப்படித்தான். பச்சை முட்டையில செஞ்ச மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத் தடை போட்டதே அதுல சால்மோனெல்லாங்கிற நோய்க்கிருமி வளர்றதுனாலதான். முட்டை இல்லாததான்னு கேளுங்க, வெயில்ல மேசை மேல நிக்கிற டப்பாவுல இருந்து வாங்காதீங்க.

ரெண்டாவது ருசி. சூடா மூடி அடைச்சா ஆவி உள்ளயே தண்ணியாகி சோத்துல இறங்கும், கடையில சரியா வறுத்தது வீட்டுக்கு வர்றதுக்குள்ள நனைஞ்சு போகும். மூடியை ஒரு ஓரமாத் திறந்து வைக்கச் சொல்லுங்க, இல்ல கையில வாங்குனதும் நீங்களே திறந்து விடுங்க. கோபி, சிக்கன் எல்லாம் “பொரிச்சது தனி, சாஸ் தனி”ன்னு கேளுங்க. பல கடையில செய்றாங்க, வீட்டுல சாஸைச் சூடாக்கி அப்ப புரட்டிக்கலாம். சூப்புக்கு மேல தூவுற பொரிச்ச நூடுல்ஸும் தனி.

மிஞ்சுனதை ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சு, மறுநாளே முடிச்சிரணும். சுட வைக்கும்போது இரும்பு தோசைக்கல்லுல பரப்பி, ஒரு கை தண்ணி தெளிச்சு, பெரிய தீயில ரெண்டு மூணு நிமிஷம் கிண்டுங்க. குவியலாப் போடக் கூடாது. ஒருமுறைக்கு ஒரு பிளேட்.

வைகை வடகரை:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: பில்லுல ஜி.எஸ்.டி.யோட சர்வீஸ் சார்ஜும் போட்டு வருது. அதைக் கட்டித்தான் ஆகணுமா? சாப்பாட்டுல கோளாறுன்னா எங்க சொல்றது?

தெற்கு மாசி வீதி:

சர்வீஸ் சார்ஜ் நம்ம விருப்பம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே அதைத் தானாகச் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சுல அதைச் சரின்னு சொல்லியிருக்கு. எடுத்துரச் சொல்லுங்க. ஜி.எஸ்.டி. சாதாரண உணவகத்துல 5 சதவீதம். காம்போசிஷன் திட்டத்துல (விற்பனையில ஒரு சின்னச் சதவீதத்தைக் கடையே வரியாக் கட்டுற ஏற்பாடு) இருக்கிற சின்னக் கடை வாடிக்கையாளர்கிட்ட வரியே வாங்கக் கூடாது, அந்த விவரம் அவங்க பில்லுலயே அச்சாகியிருக்கணும்.

ருசி சரியில்லைன்னா பாதி காலியாகுறதுக்கு முன்னாடி, எது சரியில்லைன்னு குறிப்பாச் சொல்லுங்க. “நல்லால்ல”ன்னா மாஸ்டருக்கு ஒண்ணும் புரியாது. “சோறு நனைஞ்சிருக்கு, உப்பு கூட”ன்னா மாத்திப் போட்டுத் தருவாங்க. கெட்டுப்போனது, பச்சைக் கறி, கலர் மாதிரி விஷயம்னா மிச்சத்தைக் கீழே கொட்டாம படம் எடுத்து, பில்லையும் அதுல இருக்கிற 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் சேர்த்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்க. யாருக்காவது வாந்தி எடுத்தா முதல்ல ஆஸ்பத்திரி. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்துருங்க.